குதிரையின் பின்னங்கால்கள்

கியோட்டோ கபுகி நாடக அரங்கில், இரண்டு பேர் உள்ளே நுழைந்து ஆடும் குதிரைக்கு வாலிபத்திலிருந்தே மொசுகேதான் பின்னங்கால்கள். பெரிய நடிகர்கள் வந்தால் ரசிகர்கள் அவர்களுடைய குடும்பப் பெயரைக் கூவுவார்கள். குதிரைக்கு யார் கூவுவார்? ஒருநாள் மேல்மாடத்திலிருந்து மனைவி ஷிகே கூவிவிட்டாள்: "பின்னங்காலு பிரமாதம்!" அரங்கமே சிரித்தது.

"மானத்தை வாங்கிட்டியேடி!" என்று வீட்டில் கத்தினார்.

"அவங்கவங்க ஆளுக்கு அவங்கவங்க கூவுறாங்க. என் ஆளு குதிரைக்குள்ள இருந்தா நான் என்ன பண்றது?"

அதன்பிறகு அவள் நாடகத்துக்கே வரவில்லை. போன குளிர்காலத்தில் இறந்தும்போனாள்.

இப்போதெல்லாம் அவள் கூவிய அந்தக் காட்சி வந்தால் பின்னங்கால்கள் தயங்கி நின்றுவிடுகின்றன. "நடங்கண்ணே!" என்று முன்னங்கால்காரன் பல்லைக் கடிக்கிறான். துணிக்குள், இருட்டில், மொசுகே மேல்மாடத்துக்குக் காதைக் கொடுத்தபடி நிற்கிறார்.