இரண்டு நிமிஷம் வாயை மூடி

அமதேயோ ஆர்ச்சுலெத்தாவுக்கு டாக்டர் படிப்பில் இடம் கிடைத்ததை லோமா பார்தா என்ற சின்ன ஊரில் ஒருத்தர்கூட நம்பவில்லை. அதில் ஊர்க்காரர்களின் தப்பு எதுவும் இல்லை. ஏழாம் வகுப்பிலேயே, பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட தாளைத் திருடி, 'பனிப்பொழிவு காரணமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை' என்று அச்சடித்துப் பள்ளத்தாக்கு முழுக்க ஒட்டியவன் அவன். அது அக்டோபர் மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்படியும் பாதிப் பேர் பள்ளிக்கு வரவில்லை. நம்பினார்களா, நம்ப ஆசைப்பட்டார்களா என்பது வேறு விஷயம்.

ஆகவே ஏப்ரலில் நிஜமான கடிதம் வந்தபோது அவன் அம்மா ஓர்லிண்டா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"முத்திரை நல்லா விழுந்திருக்கு. உருளைக்கிழங்குல வெட்டினியா?" என்றாள். பிறகு பீன்ஸ் கிளறப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஆல்புகர்க்கி நகரத்துக் கல்லூரியிலிருந்து டாக்டர் குயிந்தானா என்ற அம்மையாரே வீட்டுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். நாலு வருஷம் பட்டப்படிப்பு, அதற்குமேல் நாலு வருஷம் மருத்துவம், இரண்டுக்கும் சேர்த்து இப்போதே இடம், மொத்தம் இருபத்தெட்டே பேர், அதில் உங்கள் பையன் ஒருத்தன் என்று பொறுமையாக விளக்கினார். ஓர்லிண்டா கடைசிவரை கேட்டாள். "குரல் பரவாயில்ல. ஆனா நடுநடுவுல மூச்சு வாங்குது, அதைக் கவனி" என்று, பேசுவது மகன்தான் என்பதுபோலச் சொல்லி வைத்துவிட்டாள்.

அவளுக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்ததற்குக் காரணம் பனி விடுமுறை இல்லை. அது வேறு கதை, அந்த வீட்டில் யாரும் பேசாத கதை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அமதேயோ வானொலி அறிவிப்பாளரின் குரலில் அம்மாவுக்குப் போன் செய்தான். குலுக்கலில் புது பிக்கப் வண்டி விழுந்திருக்கிறது, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வரவும், சிவப்புச் சட்டை அணிந்து வரவும், இரண்டு அடையாள அட்டை அவசியம் என்றான். அவள் வாசல் தாண்டும்போது பிடித்து நிறுத்திச் சிரிப்பதுதான் திட்டம். திட்டமெல்லாம் பிரமாதம்தான். அவன் தூங்கிவிட்டான்.

ஓர்லிண்டா புதுச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், பூட்டிக் கிடந்த நிலையத்தின் முன்னால் மத்தியானம்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். திட்டவில்லை. அடிக்கவில்லை. சட்டையை மடித்து இழுப்பறையின் அடியில் வைத்தாள். திட்டியிருந்தால் அமதேயோவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆகஸ்டில் அவன் கிளம்பியபோதும் அவள் கூட வரவில்லை. நகரத்தில் ஏதோ வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொண்டாள். சுட்டு உரித்து உறையவைத்த பச்சை மிளகாய் இரண்டு பை கொடுத்தாள். "எங்க போனாலும் சட்டையத் துவைச்சுப் போடு" என்றாள். அவ்வளவுதான்.

கல்லூரியில் இருபத்தெட்டு பேரும் ஒரே மாடியில் தங்கினார்கள். ஒருத்தி பதினைந்து வயதில் கன்றுக்குட்டிக்குப் பிரசவம் பார்த்தவள். ஒருத்தன் வேதியியல் புத்தகத்தைக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிட்டு வந்திருந்தான். அமதேயோ ஊரில் பத்தொன்பது பேர் படித்த வகுப்பில் மூன்றாவது. கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைத் தினமும் கண்ணாடியில் பார்த்தான். இந்த முறை தன்னை யாரோ ஏமாற்றுகிறார்களோ என்று இருந்தது. அவன் கணக்கு ரொம்ப எளிது. அம்மா நம்பினால் இது நிஜம். அவள் நம்பாதவரை இந்த அட்டையும் உருளைக்கிழங்கு முத்திரைதான்.

முதல் வாரமே டாக்டர் குயிந்தானா அவர்களுக்கு ஒரே ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். நோயாளியிடம் 'என்ன விஷயமா வந்தீங்க' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு இரண்டு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. அதன்பின் அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவே. மேசையில், திருகி வைத்த நேரம் முடிந்ததும் மணியடிக்கும் சமையலறைக் கடிகாரம் ஒன்று டிக் டிக்கென்று ஓடும்.

அமதேயோ மூன்று தடவை தோற்றான். அறைத்தோழன் டாரெல் பெகாய்தான் பொய் நோயாளி. முதல் தடவை ஒன்பதாவது வினாடியில் தோற்றான். டாரெல் "வயித்து வலி" என்றதும் இவன் "எங்க ஊர் மிளகாய் தின்னியா?" என்றுவிட்டான்.

"ஆர்ச்சுலெத்தா, உன் மேல ஈ உக்காந்தாக்கூட அதுக்கு ஒரு ஜோக் சொல்லிட்டுத்தான் ஓட்டுவே" என்றார் டாக்டர் குயிந்தானா. "சனிக்கிழமை வீட்டு ஆளுங்க வர்றாங்க. அவங்கதான் உங்க முதல் நோயாளி. அன்னிக்கு அந்த வாயைப் பூட்டி வை."

அமதேயோ வீட்டுக்குப் போன் செய்தான்.

"சனிக்கிழமையா?" என்றாள் ஓர்லிண்டா. "பத்து மணிக்கா? சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு வரட்டா? ரெண்டு அட்டை வேணுமா?"

அவன் சட்டென்று எதையாவது சொல்லிச் சமாளிக்கிறவன்தான். அன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை. அம்மா பிறகு, "பஸ் கழுவணும், வைக்கிறேன்" என்றாள். அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், இருபத்திரண்டு வருஷமாக.

சனிக்கிழமை பத்து மணிக்கு வராந்தா முழுக்கக் கூட்டம். டாரெல் வீட்டிலிருந்து மட்டும் பதினோரு பேர். அமதேயோவின் எதிர் நாற்காலி காலி.

"எங்க மாமா ஒருத்தரை எடுத்துக்கோ. அவருக்கு எல்லா வியாதியும் இருக்கு, உனக்கு எது வேணும்னு கேட்டா குடுப்பாரு" என்றான் டாரெல்.

"இருக்கட்டும்டா" என்றான் அமதேயோ. கதவையே பார்த்தான்.

பத்தே காலுக்குக் கதவு திறந்தது. ஓர்லிண்டா வந்தாள். அந்த வெயிலில் பேருந்து ஓட்டும்போது போடும் தடித்த நீல ஜாக்கெட், கழுத்துவரை ஜிப்பை ஏற்றியிருந்தாள். யாரையும் பார்க்காமல் வந்து நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக உட்கார்ந்தாள். டாக்டர் குயிந்தானா கடிகாரத்தைத் திருகி வைத்தார்.

அமதேயோ தொண்டையைச் செருமினான்.

"இன்னிக்கு என்ன விஷயமா வந்தீங்க?"

பிறந்ததிலிருந்து அம்மாவை அவன் 'வாங்க போங்க' என்று பேசியதில்லை. ஓர்லிண்டா ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

"தோள்பட்டை வலி. வலது பக்கம்" என்றாள். "பஸ் கதவை இழுத்து இழுத்து."

கதவைச் சொன்னதும் ஒரு அருமையான கிண்டல் அவன் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. பல்லைக் கடித்தான்.

"ஏன்டா பேசமாட்டேங்கறே?"

அவன் கடிகாரத்தைக் கண்ணால் காட்டினான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் நிஜமாகவே பேசப்போவதில்லை என்று புரிந்ததும் ஜாக்கெட்டின் நுனியைத் திருக ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை ஆனா விடியக்காலம் முழிப்பு வந்துடுது. ரெண்டு வருஷமா. அன்னிக்கு எனக்கு அந்த வண்டி வேணும்னு இல்ல. பழசே நல்லாத்தான் ஓடுது." கடிகாரம் ஓடியது. "எனக்குன்னு ஒரு நல்லது தேடி வந்திருக்குன்னு ஒன்றரை மணி நேரம் நெனைச்சுக்கிட்டே ஓட்டினேன். பாட்டுகூடப் பாடினேன். அந்த ஒன்றரை மணி நேரம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் வலிச்சுது. மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல."

பாட்டு என்றதும் அமதேயோவுக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. அவன் சின்ன வயதில் அவளுடைய பேருந்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டியது. பதினான்கு பிள்ளைகளோடும் பேருந்தைத் திருப்பி, ஒரு மணி நேரத் தூரத்து மருத்துவமனைக்கு ஓட்டினாள். அந்தப் பயல் பயப்படக் கூடாதென்று எல்லோரையும் பாடச் சொன்னாள். அமதேயோ மூன்றாவது இருக்கையில் இருந்தான். கல்லூரி நேர்முகத்தில் 'ஏன் டாக்டராக வேண்டும்' என்று கேட்டபோது அதைத்தான் சொன்னான். அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை.

"லெட்டர் வந்தப்போ மறுபடி அந்த மாதிரி நெனைக்கப் பயமா இருந்துச்சு" என்றாள் ஓர்லிண்டா. "அன்னிக்குப் போன்ல நான் குத்திப் பேசினேன், நீ சிரிக்கல. எப்பவும் சிரிப்பே. அதான், பாத்துட்டு வரலாம்னு…"

கடிகாரம் மணியடித்தது. அமதேயோ அதைக் கவனிக்கவே இல்லை. டாக்டர் குயிந்தானா அவன் தோளைத் தொட்டு, "இப்பப் பேசலாம். கேட்டதைத் திருப்பிச் சொல்லு" என்றார்.

"வலது தோள் வலி" என்றான். "சனிக்கிழமை தூக்கம் போயிடுது. ரெண்டு வருஷமா. காரணம்… நான்." பிறகு பாடத்தில் இல்லாததும் வந்துவிட்டது. "வாசல்லயே நிறுத்தணும்னு இருந்தேம்மா. தூங்கிட்டேன். சத்தியமா தூங்கிட்டேன்."

"தெரியும். போகும்போது உன் குறட்டை கேட்டுச்சு."

பக்கத்து மேசையில் டாரெலின் மாமா பொங்கிவந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். அதுவும் அவருடைய வியாதிகளில் ஒன்று என்று டாரெல் எழுதிக்கொண்டான்.

ஓர்லிண்டா முன்னால் குனிந்து, மகன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் எடுத்தாள். பெயரைப் படித்தாள். பிறகு, முட்டாள் ஆகக் கூடாதே என்று, கட்டைவிரல் நகத்தால் எழுத்துகளைச் சுரண்டினாள். ஒட்டுத்தாள் எதுவும் உரிந்து வரவில்லை. திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் சுரண்டினாள்.

"அன்னிக்குப் போன்ல பேசினது நீங்களா?" என்று டாக்டர் குயிந்தானாவைக் கேட்டாள்.

"நான்தான். அதுக்கப்புறம் மூச்சு வாங்காம பேசப் பழகிட்டேன்."

ஓர்லிண்டாவின் முகம் முழுக்கச் சிவந்தது. அட்டையை மகன் நெஞ்சில் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள்.

"மிஹோ" என்றாள். அந்தப் பக்கத்தில் எல்லா அம்மாக்களும் மகனைக் கூப்பிடும் சொல்தான். இரண்டு வருஷமாக அவள் வாயில் வராத சொல். "இந்த ரூம்ல என்னடா இவ்வளவு புழுக்கம்?"

ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே இழுத்தாள். உள்ளே சிவப்புச் சட்டை. இழுப்பறையில் மடித்து வைத்த கோடுகூட இன்னும் போகவில்லை.