எழுதியவர்: புவனேஸ்வரி

பரந்தன் சந்தியில் இருக்கிற என் கடையில் யாரோ ஒருவருடைய மடிக்கணினியைத் திறந்து, விசிறிக்குள் அடைந்திருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புவனாவின் அண்ணன். "தங்கச்சி, நம்ம புவனா போயிட்டாம்மா" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நான்காம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சாகிறதென்றால் ஊரில் வேறு ஆளா இல்லை என்று ஒரு மனிதரை நினைத்துக்கொண்டேன். நினைத்தது பாவமென்றால் பாவமாகவே இருக்கட்டும்.

அந்த மனிதர்தான் நானும் புவனாவும் வேலை செய்த கிளிநொச்சி நிறுவனத்தின் பணிப்பாளர், எங்கள் எல்லாருக்கும் மேலே இருந்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். அவர் புவனாவின் பெயரை எடுத்தவர். இந்தப் பக்கத்தில் அவருக்கும் பெயர் கிடையாது. எங்களோடு அங்கே வேலை செய்தவர்களுக்கு ஆளைத் தெரியும், அது போதும்.

மற்றவர்களுக்காக எங்கள் வேலையைச் சொல்லவேண்டும். அக்கராயன் குளத்து நீர்மட்டத்தை ஒரு கருவி அளக்கிறது. மழையை இன்னொன்று. குளத்துக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மூன்றாவது. வயலில் நிற்பவர்கள் போனில் அனுப்பும் தகவல் நான்காவது. நான்கும் நான்கு இடத்தில் வாங்கியவை, ஒன்றின் பேச்சு மற்றதுக்கு விளங்காது. ஆகவே எங்கள் சேர்வரில் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு போர்ட், அதாவது தகவல் வந்து தட்டுகிற ஒரு வாசல், வைத்தோம். ஒரே நிரல் நான்கு வாசலையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். குளம் திறக்கப் போகிறதென்றால் கீழ்வயல்காரருக்கு உடனே மெசேஜ் போக வேண்டும்.

முதல் நிரலை எழுதியவள் நான். வெட்கத்தோடு சொல்கிறேன். முதலாம் போர்ட்டில் தகவல் வரும்வரை காத்திரு, வந்ததும் வாங்கு, பிறகு இரண்டாவதுக்குப் போ என்று எழுதியிருந்தேன். ஒரு மாரியில் நீர்மட்டக் கருவியின் பற்றரிக்குள் தண்ணீர் போய் அது செத்துக் கிடந்தது. என் நிரல் அந்த முதலாம் வாசலிலேயே நின்றுவிட்டது. மழைக் கருவி இரண்டாம் வாசலில் பகல் முழுக்கத் தட்டியது, கேட்க ஆளில்லை. குளத்தைத் திறந்தார்கள். யாருக்கும் மெசேஜ் போகவில்லை. புவனாவின் அண்ணனுடைய இளம்பயிர் தண்ணீருக்குள் போனது.

அடுத்த நாள் புவனா காலில் சேறோடு வேலைக்கு வந்தாள். என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நிரலைத் திறந்து வாசித்துவிட்டு, "அக்கா, செத்ததின்ர வாசல்ல நிண்டுகொண்டிருந்தா உயிரோட இருக்கிறது தட்டுறது கேக்காது. நாலையும் ஒண்டாக் கேக்கவேணும். எது தட்டுதோ அதிட்டப் போகவேணும்" என்றாள். மூன்று நாளில் முழுவதையும் புதிதாக எழுதினாள். சின்ன நிரல், இரண்டு பக்கம் வராது. தொடக்கியதும் ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்து, கடைசியில் திரையில் "நாலு வாசலும் திறந்திருக்கு" என்று ஒரு வரி காட்டும். கோப்பின் தலையில் "எழுதியவர்: புவனேஸ்வரி" என்று போட்டாள். அதற்குப் பிறகு அந்த நிரல் ஒரு மழையைக்கூடத் தவறவிட்டதில்லை.

அவளுடைய பாட்டன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். அவளும் அவளுடைய தகப்பனும் பிறந்தது அக்கராயனில். வீட்டில் மலைநாட்டுத் தமிழ் பேசுவாள், அலுவலகத்தில் எங்கள் தமிழ். ஏன் இப்படி மாற்றி மாற்றிக் கதைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "நானும் ரெண்டு போர்ட்டில கேக்கிறனான் அக்கா" என்று சிரித்தாள். அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து விருந்தினர்கள் நிரலைப் பார்க்க வந்தார்கள். விளக்கம் சொல்வதற்கென்று புவனா புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். பணிப்பாளர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, "தோட்டக்காட்டுப் பெட்டையை முன்னால நிப்பாட்டினா ஆர் நம்புவான்? அவா தேத்தண்ணியைப் பாக்கட்டும்" என்றார். அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். கேட்டது. தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். திரையில் "வடிவமைத்தவர்" என்று அவருடைய பெயர் வந்தபோது, அவள் தட்டத்தோடு ஒவ்வொரு கதிரையாகப் போய்த் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த மனிதரை மன்னிக்காத நான் என்னையும் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த கிழமை கோப்பிலிருந்தும் அவளுடைய பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். நான் வேலையை விட்டேன், அவளையும் வரச் சொன்னேன். "மின் போய் வந்தா அந்த நிரலைக் கையால தொடக்கவேணும் அக்கா. நானும் வந்திட்டா ஆர் தொடக்கிறது?" என்றாள். கீழ்வயல்களை நினைத்துத்தான் இருந்தாள். அவருக்காக இருந்தாள் என்று யாரும் சொல்லவேண்டாம்.

செத்தவீட்டுக்கு அவர் வரவில்லை. கொழும்பில் கூட்டமாம். இருபதாம் நாள் எனக்குப் போன் எடுத்தார். "அந்தச் சேர்வர் நிண்டுபோச்சு. ஒருத்தருக்கும் தொடக்கத் தெரியேல்ல. ஒருக்கா வந்து பாருமன்." கிடக்கட்டும் என்று நினைத்தேன். உம்முடைய நிரல்தானே, நீரே தொடக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அன்றைக்கும் வெளியில் மழை. புவனாவின் அண்ணன் மறுபடி விதைத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

நிரலைத் திறந்தேன். தலையில் "எழுதியவர்:" என்று இருந்தது. பக்கத்தில் வெறுமை. பெயரை எடுக்கச் சொன்னதற்குப் பெயரை மட்டும் எடுத்திருக்கிறாள். அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பெயரைத் திரும்ப எழுதினேன். அதோடு நிற்கவில்லை. மெசேஜ் அனுப்பும் பகுதிக்குப் போய், ஒவ்வொரு மெசேஜின் அடியிலும் அவளுடைய பெயர் வரும்படி ஒரு வரி சேர்த்தேன். மின் வந்தால் தானாகத் தொடங்கவும் செய்துவைத்தேன், இனி யாருக்கும் அந்த வேலை இல்லை. நாலு வாசலும் திறந்திருக்கு என்று திரை சொன்னது. நன்றி என்றார் அவர். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசல்வரை வந்து, "முப்பத்தோராம் நாளுக்கு நான் வந்து ரெண்டு வார்த்தை பேசுறன், வீட்டுக்காரருக்குச் சொல்லும்" என்றார். எங்கள் வீடுகளில் முப்பத்தோராம் நாள். புவனா வீட்டில் மலைநாட்டு வழக்கப்படி பதினாறிலேயே கருமாதி, அது முடிந்திருந்தது. ஆறு வருசம் வேலை வாங்கிய மனிதருக்கு இது தெரியாது. நான் திருத்தவில்லை. "ஓம் சேர், வாங்கோ" என்றேன்.

வந்தார். வெள்ளை உடுப்பு, மாலை, படம் எடுக்க ஒரு ஆள். நான் முதலே போய்ப் புவனா வீட்டில் இருந்தேன். இரண்டு நாளாக மழை விட்டபாடில்லை. முற்றத்தில் பந்தலும் இல்லை, சனமும் இல்லை, ஒரு ஆடு மட்டும் கொட்டிலுக்குள் நின்றது. புவனாவின் அம்மா வெளியே வந்து, "பதினாறு முடிஞ்சிருச்சுங்களே சார்" என்றார். பாவம், அந்த மனுசி தேத்தண்ணி போடத் திரும்பினார். "இருங்கோ அம்மா. சேருக்கு இந்த வீட்டில தேத்தண்ணி வேண்டாம்" என்றேன். அவர் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் எங்கள் எல்லாருடைய போன்களும் ஒன்றாகச் சத்தமிட்டன. பட்டியலில் முதல் நம்பர் அவருடையது, அவரே போடச் சொன்னது. "அக்கராயன் குளம் திறக்கப்படுகிறது. தாழ்ந்த வயலில் நிற்பவர்கள் மேட்டுக்குப் போங்கள். மாடுகளையும் கொண்டுபோங்கள். புவனேஸ்வரி." நான் திட்டமிட்டதல்ல அது, மழைதான் செய்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது, மறைக்கமாட்டேன்.

"இதென்ன இது, உடன எடுத்துவிடும்" என்றார்.

"நீங்கள் எழுதின நிரல்தானே சேர். நீங்களே எடுங்கோ."

இன்றுவரை அந்தப் பெயர் போகவில்லை.

புவனாவிடமிருந்து நான் வைத்திருப்பது அவளுடைய அந்த இரண்டு பக்க நிரலும், என்னுடைய இந்தக் கோபமும். செத்ததின் வாசலில் நிற்காதீங்க அக்கா என்று அவள் சொல்லுவாள். நிற்கத்தான் போகிறேன். மற்ற நாலு வாசலையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போன கிழமை கீழ்வயல் கமக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, மெசேஜில வாற புவனேஸ்வரி ஆர், பிள்ளை என்று கேட்டார். அவ செத்து ஒன்றரை மாதம் என்றேன். "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? இண்டைக்குக் காலமையும் அவாதானே எனக்கு மாட்டை அவிழ்க்கச் சொன்னவா" என்றார்.

அவரையும் நான் திருத்தவில்லை.