சப்தியா என்பவர் யார்?

அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கண்ணுபட்டு விசா நின்றுபோகும் என்பது என் மாமியார் போட்ட சட்டம். பனி கொட்டும், குடியேற வருகிறவர்களிடம் ரொம்ப மரியாதையாகப் பேசி வருஷக்கணக்கில் உட்கார வைக்கும், அவ்வளவுதான் அடையாளம் சொல்ல முடியும். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்களாம். என் புருஷன் பெயரைப் படிவங்களில் எழுதி எழுதி எனக்குக் கை தேய்ந்துவிட்டது. அவர் இருக்கிற நாட்டின் பெயரைத்தான் வாயால் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது 'அந்த ஊரு'.

அந்த ஊரில் நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகுதான் அவர் பெண் பார்க்க மாத்தளைக்கு வந்தார். கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் சேர்ந்திருந்தோம். பிறகு அவர் திரும்பிப் போய், என்னை அழைக்க விண்ணப்பம் போட்டார். சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள். நாலு வருஷம் தாண்டிவிட்டது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போனைத் திறந்து அந்த இணையத்தளத்தைப் பார்ப்பேன். 'இறுதி முடிவு: நிலுவையில்' என்றிருக்கும். பிறகு பல் விளக்குவேன்.

டவுனில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. அங்கே வருகிறவர்களுக்குத் தங்கள் நோயைவிட என் விசாமீது அக்கறை அதிகம். கலேவெலயிலிருந்து மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரைக்கு வரும் பெரியவர், மருந்துத் துண்டை நீட்டும்போதே "மிஸ் இன்னும் போகலையா?" என்று கேட்பார். மாத்திரையைப் போட்டு அவருடைய பிரஷர் இறங்கிவிடும், கேள்வியைக் கேட்டு என்னுடையது ஏறிவிடும். வீட்டுக் குசினியில் குழாய் ஒழுகுகிறது. போகப்போகிறவள் எதற்குப் புதுக் குழாய் போடவேண்டும் என்று அடியில் ஒரு வாளியை வைத்தேன். இப்போது இருப்பது மூன்றாவது வாளி.

எங்கள் கல்யாணம் உண்மையான கல்யாணம்தானா என்று அந்த ஊருக்கு நிரூபிக்கவேண்டும். முந்நூறு பேர் சாப்பிட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்று குறைசொல்லிப் போன கல்யாணம் அது. அதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டுமோ தெரியாது. படங்கள் அனுப்பச் சொன்னார்கள். கல்யாணப் படங்களில் நாங்கள் இரண்டு பேரும் அடையாள அட்டை இல்லாமல் பொலிஸில் பிடிபட்டவர்கள் மாதிரி நிற்கிறோம். எங்கள் பக்கம் அப்படித்தான் நிற்பார்கள், பெரியவர்கள் முன்னால் பல்லைக் காட்டினால் பெண்ணுக்கு அடக்கம் இல்லை என்று அர்த்தம். சேர்ந்து ஊர் சுற்றிய படம் இருக்கிறதா என்றார்கள். ஒரே ஒரு தடவை ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். அன்றைக்குப் பார்த்து மூடுபனி. படத்தில் ஒரு குடை மட்டும் தெரிகிறது. குடைக்குக் கீழே யார் என்பது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பயணத்தில்தான் நான் மயங்கி விழுந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அது என் பழைய கெட்ட பழக்கம். அவர் பதறிப்போய் வீதியோரக் கடையிலிருந்து அவித்த மஞ்சோக்காக் கிழங்கும் கொச்சிக்காய் சம்பலும் வாங்கிவந்து, கடைக்காரர் பார்க்கப் பார்க்க ஊட்டிவிட்டார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. படம் எடுக்கவேண்டிய நேரம் அதுதான். யாருக்குத் தோன்றும்?

கடைசியில், நாங்கள் போனில் பேசிக்கொண்ட மெசேஜ்களை அனுப்பச் சொன்னார்கள். மூன்று வருஷத்தையும் அச்செடுத்தோம். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ஆங்கில எழுத்தில்தானே இருக்கிறது, மொழிபெயர்ப்பு எதற்கு என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் சட்டம் தெரிந்த மாதிரிச் சொன்னார். அந்தப் புத்திசாலியின் பேச்சைக் கேட்டு அப்படியே அனுப்பினோம்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சலைத் திறந்தால் அந்த ஊர் அதிகாரியின் கடிதம். மிக மரியாதையான கடிதம். உங்கள் கணவர் மூன்று வருஷமாகத் தினமும் செல்வி சப்தியா என்பவரை விளித்து எழுதுகிறார். உங்கள் கடவுச்சீட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. சப்தியா என்பவர் யார், அவருக்கும் உங்கள் கணவருக்கும் என்ன உறவு? முப்பது நாளைக்குள் திருப்தியான விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

என் புருஷன் தினமும் ஒருத்திக்கு எழுதுகிறார், அது எனக்குத் தெரியாது, அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே சத்தமாக வாசித்துத் தொலைத்துவிட்டேன். மாமியார் குசினியிலிருந்து கரண்டியோடு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் என் பக்கம்தான் நின்றார். என் கையிலிருந்த போனைப் பிடுங்கி மகனை அழைத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. லைன் வேறு விட்டு விட்டு வந்தது.

"யாருடா அது சப்தியா?"

"இன்னும் இல்லம்மா. இப்பத்தான் எந்திரிச்சேன். நீங்க சாப்டாச்சா?"

மாமியார் கரண்டியை ஓங்கிக்கொண்டு "என்ன இன்னும் இல்ல? சப்தியா, சப்தியா!" என்று கத்தினார். அவர் அங்கிருந்து பொறுமையாக, பாண் இருக்கிறது, இனிமேல்தான் சாப்பிடப் போகிறேன், ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. என் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒரே ஒரு சொல், ஆங்கில எழுத்தில். 'சாப்டியா'. கேள்விக்குறி போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. முதல் எழுத்தைப் போனே பெரிய எழுத்தாக்கிவிடும். தினமும் பார்ப்பதை யார் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள்? ஒரு 'செல்வி'யை முன்னால் போட்டதும் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கடிதத்தின் அடுத்த பக்கத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. பதிலுக்கு நீங்கள் 'ஆச்சு' என்று யாரை அழைக்கிறீர்கள்? ஆக, சப்தியா என்று ஒருவரும் ஆச்சு என்று ஒருவரும், ஒருவர் பெயரை ஒருவர் தினமும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வேறு பேச்சே இல்லாமல் மூன்று வருஷம் இருந்திருக்கிறார்கள். பாவம், நல்ல ஜோடிதான்.

மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது நாளில் விளக்கம் போகாவிட்டால் இந்த ஒரு சொல்லுக்காக நான் இங்கேயும் அவர் அங்கேயும் கிடந்து நரைக்கவேண்டியதுதான்.

மறுநாளிலிருந்து கடைக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டு, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளரிடம் போனேன். ஓய்வுபெற்ற முஸ்லிம் பாடசாலை அதிபர், சமாதான நீதவானும் அவரே. ஒரு மெசேஜையும் விடாமல் மொழிபெயர்க்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் இங்கத்தைய நேரம், அங்கத்தைய நேரம் இரண்டையும் போடவேண்டும், அதுதான் அவர்களுக்குப் பிடிக்கும் என்றார். வேலையைத் தொடங்கினார். சாப்பிட்டீர்களா. சாப்பிட்டீர்களா. சாப்பிட்டீர்களா. 'ஆச்சு' என்பதற்கு ஆம், சாப்பிட்டுவிட்டேன் என்று போட்டார். கடையில் கூட்டம் இருந்த நாட்களில் நான் வெறும் 'ம்' மட்டும் அனுப்பியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து யோசித்துவிட்டு, அதற்கு 'சம்மதம்' என்று போட்டார். நான் ஆட்சேபிக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் வேறு உறுத்தல். அந்த 'ஆச்சு'க்களில் பாதிக்கு மேல் பொய். பன்னிரண்டரைக்குத்தான் மருந்துக் கடையில் நெரிசல். சோற்றுப் பார்சல் அப்படியே கிடக்கும், நான் ஒரு கையால் மாத்திரை எண்ணிக்கொண்டு மறு கையால் ஆச்சு என்று அடிப்பேன். இப்போது அந்தப் பொய்களையெல்லாம் வரிசையாக இங்கிலீஷில் அடித்து, முத்திரை குத்தி, உண்மை என்று சத்தியம் பண்ணி ஒரு அரசாங்கத்துக்கு அனுப்பப்போகிறேன்.

நாலாம் நாள், மூன்றாவது வருஷத்துக் கடைசி மாதங்களை அவர் அடித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த என் போன் கிர்ரென்றது. மணி பன்னிரண்டரை. சாப்டியா. காலையில் குடித்த பிளேன்டீதான் வயிற்றில் இருந்தது. ஆச்சு என்று அடித்தேன். அதிபர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அங்கே என்ன நேரம் என்று கேட்டார். விடியப்புறம் மூன்று மணி, அவருக்கு நைட் வேலை, அதுதான் முழித்திருக்கிறார் என்றேன்.

அதிபர் கோப்பைப் புரட்டி, கணவரின் கம்பெனி கொடுத்த கடிதத்தை எடுத்தார். நான் அதில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"இதுல வேற மாதிரி ஈக்குதே மகள். ரெண்டு வருசமா பகல் வேல. காலயில ஏழு மணிக்குத் தொடக்கம்னு போட்டீக்கி."

நான் தப்பாக இருக்கும் என்றேன். அவர் தான் அடித்து முடித்த பக்கங்களை என் பக்கம் திருப்பினார். கோடைகாலத்தில் எல்லாம் அங்கத்தைய நேரம் மூன்று மணி. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அப்போதெல்லாம் இரண்டு மணி. எனக்கு மட்டும் எப்போதும் பன்னிரண்டரை. ஒரு நாளும் பிந்தவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நைட் வேலை என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். பிறகு யோசித்தால் அவர் பொய் சொல்லவில்லை, முதல் வருஷம் நைட் வேலைதான், மாறியதைத்தான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழும்பாதீங்க என்றிருப்பேன், அது அவருக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஒரு மனிதன் அலாரம் வைத்து எழும்பிக் கேட்டிருக்கிறார், நான் மாத்திரை எண்ணிக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அந்த நல்ல மனிதர் பார்க்காத மாதிரித் தட்டச்சு இயந்திரத்தின் நாடாவைச் சரிசெய்தார். இதற்கும் விளக்கம் கேட்பார்கள், நாமே எழுதிவிடுவோம் என்று சொல்லி, ஒரே ஒரு வரி அடித்தார். மேற்படி நேரங்களில் கணவர், மனைவி சாப்பிட்டாரா என அறியும் பொருட்டு உறக்கத்திலிருந்து எழுந்தார். இங்கிலீஷில் அதை வாசித்தபோது சுத்தப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

கையெழுத்துப் போட ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோது இன்னொன்றையும் கண்டேன். அத்தனை பக்கத்திலும் கேட்டது முழுக்க அவர். நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கல்யாணம் உண்மையானதா என்று அந்த அதிகாரி சந்தேகப்பட்டதில், என் பங்கைப் பொறுத்தவரை கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று பட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பஸ் நிலையத்துக்கு வரும்போது ஐந்தரை ஆகியிருந்தது. அங்கே காலை எட்டு. நின்றபடியே அடித்தேன். சாப்டீங்களா? எந்த அதிகாரியும் அதை ஒரு ஆளாக்கிவிடாதபடி கேள்விக்குறியும் போட்டேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, அழைப்பு வந்தது. வேலை நாளில் அவர் அழைக்கவே மாட்டார். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"என்னா, இல்லன்னுட்டாங்களா?"

எனக்குப் புரியவில்லை. விசாவை நிராகரித்துவிட்டார்களா, அம்மாவுக்கு ஏதாவதா, எதுவானாலும் மறைக்காமல் சொல்லு என்று கேட்டார். நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் அவருக்கு வீட்டில் ஏதோ இழவு விழுந்த மாதிரி. என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"ஒன்னும் இல்லங்க. சாப்டீங்களான்னுதான் கேட்டேன்."

மெஷின் சத்தம் குறைந்தது, வெளியே வந்திருக்கவேண்டும். பிறகு "இன்னும் இல்ல" என்றார். பழக்கதோஷம், உடனே "நீ?" என்றார்.

ஆச்சு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நானும் இன்னும் இல்லங்க. மத்தியானமும் இல்ல."

அவர் திட்டவில்லை. மற்ற நாட்கள் என்று தொடங்கி, கேட்காமல் நிறுத்திக்கொண்டார். முதலில் போய் ஏதாவது சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டார். நாவுல பஸ் கிளம்பியது, கூட்டம் என்னை இடித்துக்கொண்டு ஓடியது. நான் மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று வாங்கி, நின்ற இடத்திலேயே அழுதுகொண்டே தின்றேன்.

விளக்கம் போய்ப் பத்து மாதம் ஆகிறது. கிடைத்தது, நன்றி என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பார்த்தால் இறுதி முடிவு நிலுவையில்தான் இருக்கிறது. எழும்பாதீங்க என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அவர் கேட்பதாக இல்லை. இப்போதெல்லாம் பன்னிரண்டரைக்கு யார் வந்து கத்தினாலும், கலேவெலப் பெரியவரே வந்து நின்றாலும், பின்பக்கம் போய்ச் சோற்றுப் பார்சலைப் பிரித்துவிடுவேன். சாப்பிட்டு முடித்த வெறும் இலையைப் படமெடுத்து அனுப்புகிறேன். அது போனால்தான் அவர் மறுபடி தூங்குவார்.