ஒன்பதாம் எண் வில்லை

ஒட்னியின் கண்ணில் எதுவும் கோணலாகப் பட்டுவிடக் கூடாது. பட்டால் அவள் கை சும்மா இராது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். சென்யா தீவின் மீன் ஆலையில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து மேஜைக்காரி விட்ட முள்ளையும் சேர்த்து இவளே பிடுங்கிப் போடுவாள். அதற்கு வசவுதான் வாங்கினாள். கட்டிய கணவன் பதினோரு வருஷம் பொறுத்துப் பார்த்தான். “நான் கயிறு கட்டக் குனியறதுக்குள்ள என் ஷூவை நீ கட்டி முடிச்சிடற. அப்புறம் நான் எதுக்கு இந்த வீட்டுல?” என்று கேட்டுவிட்டு, துரோம்சோ நகரத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனான். போகிற அன்றும் அவன் பெட்டியை அடுக்கிக் கொடுத்தவள் இவள்தான்.

அதற்குப் பிறகு கரையில் இருப்புக் கொள்ளவில்லை. கப்பலில் சமையல்கட்டில் சேர்ந்தாள், பிறகு தளத்து வேலைக்கு வந்தாள், இடையில் பரீட்சைகளை எழுதித் தள்ளினாள். ஐம்பத்து நாலு வயதில் ‘தைஸ்டன்’ என்ற சின்னக் கப்பலுக்குத் துணைக் கேப்டன். பன்னிரண்டே பயணிகள். கோடையில் வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார் தீவுகளின் கரையோரமாக எட்டு நாள் அழைத்துப் போய், தந்தம் நீண்ட வால்ரஸும் வெண்கரடியும் காட்டிக் கொண்டுவந்து விட வேண்டும். கேப்டன் ஹால்வார் எல்லோரிடமும் சொல்வார்: “ஒட்னி இருக்கற கப்பல்ல நான் ரெண்டு கண்ணையும் மூடித் தூங்குவேன்.” அவர் தூங்கவும் செய்தார், பாவம்.

ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு எண் வில்லைகள் ஆணியில் தொங்கும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. கரைக்கு இறங்குகிறவர் தன் வில்லையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். திரும்பி ஏறியதும் கறுப்புக்குத் திருப்ப வேண்டும். அவரவர் வில்லையை அவரவர்தான் தொடலாம். ஒரு வில்லை சிவப்பாகவே நின்றால் அறைக் கதவைத் தட்டி, ஆள் முகத்தைக் கண்ணால் பார்த்து, கையோடு அழைத்துவந்து திருப்பச் சொல்ல வேண்டும். கரடி உலவுகிற கரையில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. முதல் நாள் அதை எல்லோருக்கும் விளக்கியதே ஒட்னிதான். “இந்தத் துண்டுத் தகரம் உங்க உசுரு. சிவப்பா இருந்தா உங்களைத் தேடி வருவோம். கறுப்பா இருந்தா வரமாட்டோம்” என்றாள்.

அந்த முறை ஒன்பதாம் எண், ஹாமார் ஊரிலிருந்து வந்த எய்லெர்ட். எழுபத்தொரு வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவு மறதியை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷம் எப்படித்தான் கடிதம் கொடுத்தாரோ, ஹாமார் ஜனங்களைத்தான் கேட்க வேண்டும். முதல் நாளே கையுறையைத் தொலைத்தார், கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு கப்பல் முழுக்கத் தேடினார். அன்று கரைக்குப் போய்வந்த இரண்டு முறையும் வில்லையைச் சிவப்பிலேயே விட்டுவிட்டுச் சூப் குடிக்கப் போய்விட்டார். ஒட்னி சட்டப்படி அவரைத் தேடிப் போய் அழைத்துவந்தாள். பலகையின் முன்னால் எல்லோரும் பார்க்க அவர் தலைகுனிந்து நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து அவர் மறந்தால் இவளே சத்தமில்லாமல் திருப்பிவிட்டாள். ஒரு விரலால் செய்கிற வேலைக்கு ஒரு பெரிய மனிதரை அவமானப்படுத்துவானேன் என்று நினைத்தாள்.

ஐந்தாம் நாள் மதியம் வடமேற்கில் ஒரு குடாவில் நங்கூரம் போட்டார்கள். சரளைக்கல் கரையில் முப்பது வால்ரஸ்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து உறுமிக்கொண்டிருந்தன. பயணிகள் அறுவர் அறுவராகப் பிரிந்து, இரண்டு வழிகாட்டிகளோடு கரையில் இருந்தார்கள். கப்பலிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஒட்னிதான் முதலில் கண்டாள். குடாவின் மறுகரையிலிருந்து ஒரு மஞ்சள் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“யூஸ்டைன், கரடி நீந்தி வருது. கிழக்குப் பக்கம். எல்லாரையும் ஏத்து” என்றாள் வாக்கி-டாக்கியில்.

வழிகாட்டிகளில் மூத்தவன் யூஸ்டைன். அவன் பதறுகிறவன் இல்லை. முதல் குழுவை இன்னொரு வழிகாட்டியோடு ரப்பர் படகில் அனுப்பினான், அடுத்த நடையில் மிச்சப் பேரை அனுப்பினான். தான் மட்டும் துப்பாக்கியோடு கரையில் நின்றான். கடைசி ஆளும் கப்பலில் ஏறிவிட்டதாகப் பலகை சொல்லும்வரை வழிகாட்டி கரையை விடக் கூடாது. அதற்குள் மூடுபனி வேறு மலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

ஏணியில் ஒரே தள்ளுமுள்ளு. நனைந்த பூட்ஸ், உரத்த பேச்சு, கரடியைப் பார்த்துவிட்ட சிரிப்பு. கூட்டம் கூடத்துக்குள் போனதும் ஒட்னி பலகையைப் பார்த்தாள். பதினொன்று கறுப்பு. ஒன்பது மட்டும் சிவப்பு.

“ஒட்னி, என்ன ஆச்சு? கரடி கரையில கால் ஊனிடுச்சு” என்று யூஸ்டைன் வாக்கி-டாக்கியில் கேட்டான். குரல் அடங்கியிருந்தது.

உள்ளே போய்ப் பார்க்க இருபது அடி. அங்கே ஒருவன் துப்பாக்கியோடு தனியாக நிற்கிறான். இந்த மனுஷர் எந்த நாளில் ஒழுங்காகத் திருப்பியிருக்கிறார்? அவள் விரல் நீண்டது. வில்லை புரண்டது.

“பன்னிரண்டும் கறுப்பு. கிளம்பு” என்றாள்.

படகு போய் அழைத்துவர, அவன் வந்து ஏறினான். நங்கூரம் தூக்கினார்கள். கப்பல் மூடுபனிக்கு முந்திக்கொண்டு குடாவை விட்டு வெளியேறியது. இருபது நிமிஷம் கழித்துச் சமையல்காரி குன்வோர் கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“மீன் சூப் ஒரு கிண்ணம் ஆறிப்போய் நிக்குது. யாருக்குப் பசிக்கல?”

ஒட்னிக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கேப்டன் இருந்த சுக்கான் அறைக்கு எப்படி ஓடினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. “எய்லெர்ட் கரையில இருக்கார். திருப்பு” என்றாள். ஹால்வார் ஏன் என்று கேட்கவில்லை, சக்கரத்தை வளைத்தார். எல்லோரும் தளத்துக்கு ஓடியபோது அவள் பலகைக்குப் போனாள். ஒன்பதைச் சிவப்புக்குத் திருப்பினாள்.

திரும்பி வர இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் குடாவை மூடுபனி பாதி விழுங்கியிருந்தது. கரையில் வால்ரஸ்களின் உறுமல் கேட்டது; அவை கண்ணில் படவில்லை. ரப்பர் படகில் யூஸ்டைன் முன்னால் துப்பாக்கியோடு உட்கார, ஒட்னி மோட்டாரைப் பிடித்தாள். வேறு யாரையும் அவள் பிடிக்க விடவில்லை.

“அவர் என் குழுவில இல்ல. முதல் படகுல போயிட்டார்னு நெனச்சேன்” என்றான் யூஸ்டைன். சொன்னதையே மூன்று முறை சொன்னான்.

“கரையைப் பாரு” என்றாள் அவள்.

சரளைமேட்டுக்குப் பின்னால் பழைய வேட்டைக்காரர் குடிசை ஒன்று உண்டு. கூரையில் பாதி போய்விட்டது. பனி சற்று விலகியபோது அதுதான் முதலில் தெரிந்தது. அடுத்தது கரடி. குடிசையின் சுவரில் முன்னங்கால்களை ஊன்றி நின்று, பலகை இடுக்கில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாத மோப்பம். ஒரு பலகையை நகத்தால் பிடித்து இழுத்தது. ஆணி கழன்று வருகிற சத்தம் படகுவரை கேட்டது.

யூஸ்டைன் வெளிச்ச வெடியைச் சுட்டான். அது கரடிக்கு முன்னால் விழுந்து வெடித்தது. கரடி திரும்பிப் பார்த்ததே தவிர நகரவில்லை. இரண்டாவது வெடி. ஒட்னி மோட்டாரை முழுவேகத்தில் திருகி, படகை நேரே கரையை நோக்கி விட்டாள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கத்தியது வார்த்தையே இல்லை. மூன்றாவது வெடிக்குக் கரடி கால்களை இறக்கியது, இரண்டு முறை பின்னால் பார்த்துக்கொண்டே மேட்டின் மேல் ஏறிப் பனிக்குள் மறைந்தது.

“எய்லெர்ட்!” என்று கூப்பிட்டாள். “எய்லெர்ட், வெளியில வாங்க!”

கதவு திறந்தது. தொப்பி கோணலாக, முகம் சாம்பலாக, அவர் நடந்து வந்தார். “ஒண்ணுக்குப் போக ஒதுங்கினேன்” என்றார் முதலில். படகில் ஏறிய பிறகுதான் அவருக்கு உடம்பு உதறியது.

கூடத்தில் அவருக்குக் கம்பளி சுற்றி, சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஹால்வார் எதிரில் உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

“பன்னிரண்டும் கறுப்புன்னு ஒட்னி சொன்னா. இறங்கும்போது சிவப்புக்குத் திருப்பலியா நீங்க?”

“திருப்பினேன்” என்றார் எய்லெர்ட். பிறகு தயங்கினார். “திருப்பின ஞாபகம்தான். ஆனா என் ஞாபகத்தை நம்பி யாராவது கடை போடுவாங்களா?” சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “மன்னிச்சுக்கங்க. ஒரு கிழவனால எல்லாருக்கும் கஷ்டம். இனிமே கப்பலை விட்டு இறங்கல.” அப்புறம் ஒட்னியைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு சொல்லணும். அது பலகையைப் பிராண்டறப்பக்கூட எனக்கு அவ்வளவா பயம் வரல. ஒன்பது சிவப்பா நிக்கும், ஒட்னி பார்ப்பாங்க, வந்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பைத்தியக்காரன்!”

அறை கலகலத்தது. யாருக்கும் எதுவும் தெரியாது. ஒட்னி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி மறதியின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், வேலையும் இருக்கும். அதை அவள் நினைக்காமல் இல்லை. ஒரு மூச்சு நேரம் நினைத்தாள், நினைத்ததற்கே கூசினாள்.

“சிவப்பாத்தான் நின்னுது” என்றாள். “நீங்க சரியாத்தான் திருப்பினீங்க. நான்தான் அதைக் கறுப்பாக்கினேன். உள்ள போய்ப் பார்க்காம.”

கரண்டி கிண்ணத்தில் இடித்தது. யூஸ்டைன் அவளைப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

எய்லெர்ட் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: “இன்னிக்கு மட்டுமா?”

“ரெண்டாம் நாள்லேருந்து. நீங்க மறந்தப்ப எல்லாம்.”

“அப்ப நான் மறந்துகிட்டேதான் இருந்தேனா?” அவர் குரல் சின்னதாகிவிட்டது. “யாரும் கூப்பிடலியே, ஒழுங்காத் திருப்பறேன் போலிருக்குன்னு சந்தோஷமா இருந்தேன். மகளுக்குப் போன் பண்ணிக்கூடச் சொன்னேன்.”

மன்னிப்புக் கேட்க ஒட்னி வாய் திறந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். கோபத்தில் இல்லை, அவருக்கு அப்போது அதைக் கேட்கத் தெம்பில்லை.

ஹால்வார் எழுந்தார். “ஊர் போனதும் நடந்ததைக் கவர்னர் ஆபீசுக்கு எழுதியாகணும்.”

“நானே எழுதிடறேன்.”

“வேண்டாம். இதையாவது என்னைச் செய்ய விடு, ஒட்னி” என்றார். கண்ணை மூடித் தூங்கியவரின் வெட்கமும் அதில் இருந்தது.

எய்லெர்ட் கம்பளியோடு எழுந்தார். “இப்ப எப்படி நிக்குது என் வில்லை?”

“சிவப்பா” என்றாள்.

அவர் மெல்ல நடந்து பலகைக்குப் போனார். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. வில்லைகளை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். ஆறைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். ஒட்னி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் ஒன்பதைக் கண்டுபிடித்துத் திருப்பும் வரைக்கும்.