சரியல்ல

நாமக்கல் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்குள் அவர் நின்ற நிலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கேள்வி காதில் விழுந்தும் விளங்காதவர்போல எதிர்த்தரப்பு வக்கீலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மஞ்சள் விவசாயி. இறந்துபோன பெண்ணின் அப்பா. நான் அப்போது அரசு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்த புதிது.

அவருடைய மகள் சேலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஒருநாள் மாலை ஊருக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தபோது, பைக்கில் வந்தவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. வண்டியோடு சாய்ந்து தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சாலையோரத்தில் இளநீர் விற்றவர் பார்த்திருக்கிறார். சங்கிலியும் அவனிடமே கிடைத்தது. தப்பிக்க வேறு வழி இல்லாமல்தான் எதிர்த்தரப்பு அந்தக் கதையைக் கட்டியது.

"உங்கள் மகளுக்கும் எதிரிக்கும் பழக்கம் இருந்தது, சங்கிலியை அவளே கழற்றிக் கொடுத்தாள், மானத்துக்குப் பயந்து நீங்கள் மறைக்கிறீர்கள் என்று சொல்கிறேன்."

நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். எங்கள் சீனியர் எழுந்து ஆட்சேபித்தார். தற்காப்புக்காகக் கேட்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்க. அவன் முகத்தக்கூட அவ ஏறிட்டுப் பாத்திருக்க மாட்டாளுங்க" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். தட்டச்சில் ஏறியது வழக்கமான வாசகம்: 'என் மகளுக்கும் எதிரிக்கும் பழக்கம் இருந்தது என்று சொன்னால் சரியல்ல.'

வெளியே வேப்பமரத்தடியில் அவர் என்னிடம் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, அத்தாம் பெரிய பொய்யச் சொல்றான். அதுக்குச் சரியல்லன்னு ஒரு வார்த்தைதானுங்களா?"

சட்டத்தில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு மாலைப் பத்திரிகையில் அந்தக் கேள்வி செய்தியாகிவிட்டது. 'சரியல்ல' என்ற பதிலுக்கு அதில் இடமில்லை.

அதன்பிறகு அவருடைய மனைவி கல்யாணம், காது குத்து என்று எந்த விசேஷத்துக்கும் போவதில்லை என்று அவர் சொல்லித்தான் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களே வேறு எதையோ துருவிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவரோ ஒரு வாய்தாவையும் விடவில்லை. சாட்சி சொல்லி முடித்தவர் வரவேண்டிய அவசியமில்லை என்று சீனியர் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டுங்க, புள்ளைக்கு ஆரு இருக்கறா இங்க" என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

குற்றம் நிரூபணமானது. தண்டனை சொல்லும் முன்பு நீதிபதி அவனிடம், "தண்டனை குறித்து ஏதாவது சொல்கிறாயா?" என்று கேட்டார். வயதான தாய் இருக்கிறாள், குறைத்துக் கொடுங்கள் என்றான். பெரியவர் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"அவனக் கேக்கறாங்க. என்னையக் கேக்க மாட்டாங்களா? ஒரே ஒரு வார்த்தைங்க."

நான் சீனியரின் காதில் சொன்னேன். "தீர்ப்பு நமக்குச் சாதகமா வந்தாச்சு. இப்பப் போய் எதையும் குழப்ப வேண்டாம்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. உண்மையாகவே உழைத்துத்தான் அந்த வழக்கை வென்றார். ஆனால் அது அரசாங்கத்தின் வழக்காக இருந்தது. மகளைப் பறிகொடுத்தவர் அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஆயுள் தண்டனை என்று வாசிக்கப்பட்டபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

தீர்ப்பின் நகல் வந்ததும் அவரை வரச்சொல்லி, நானே அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். எதிரிக்கும் இறந்த பெண்ணுக்கும் பழக்கம் இருந்தது என்பது ஆதாரமற்றது, இறந்தவரின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கும் நோக்கம் கொண்டது என்று நீதிபதி தெளிவாகவே எழுதியிருந்தார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்காருங்க," என்றார். "இத ஊருக்குள்ள ஆருங்க அம்மிணி படிப்பாங்க?"

அந்தப் பத்திரிகைக்கு நான் போன் செய்து சொன்னேன். தண்டனைச் செய்தியை ஒரு மூலையில் போட்டார்கள். அந்தப் பத்தி வரவில்லை.

இப்போது பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் மட்டும் நான் ஆஜராகிறேன். அவர்களுக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம், அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றங்களில் பேச்சு எழுகிறது. கேட்கும்போது மனம் நிறைவதில்லை. கடைசி பெஞ்சில் இருந்தவர் சொல்ல நினைத்த அந்த ஒரு வார்த்தை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன தை மாதம் வேறொரு வேலையாக நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. அவருடைய ஊர் முக்கில், டீக்கடை நடத்துகிறவரிடம் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். சற்று யோசித்தார். பிறகு, உதவும் ஆர்வத்தோடு, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சங்கிலித் திருடனோட பழக்கமா இருந்துச்சே ஒரு புள்ள, அந்த ஊடுங்களா?"

இல்லை என்றேன். அது பொய்யென்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றேன். தீர்ப்பில் இருந்ததை வரிவரியாகச் சொன்னேன்.

"அப்படிங்களா," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. அந்த ஊடுதானுங்க."