இரண்டு மருமகன்கள் விட்ட வெள்ளைப் பட்டை

லாஜிமைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எருமை வழியை மறித்து நின்றால் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போவார். அந்த மரியாதைதான் முக்கால் ஏக்கர் நன்செயை விழுங்கப் பார்த்தது.

அவர் மலாயாவின் ரெம்பாவில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் ரிப்பாவைக் கட்டிக்கொண்டு, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் வடக்கு எல்லையிலிருந்த அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பக்கத்தில் வீடும் வயலும் பெண்களுடையவை. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் ஒரு துணிப்பெட்டியோடு வருவான். சரிப்பட்டு வராவிட்டால் அதே பெட்டியோடு கிளம்புவான். புது மருமகனும் மாமியாரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது வழக்கமில்லை. ஒருவர் வந்தால் மற்றவர் ஒதுங்கிப்போவார்.

கல்யாணமாகி இருபது நாளில் மாநில அரசின் அளவைக்காரர்கள் நிலமளக்கும் சங்கிலியோடு வந்தார்கள். நிலம் பெண்ணுடையது, ஆனால் அரசாங்கத்தோடு பேசுவது ஆணின் வேலை. ஆகவே எல்லை காட்ட லாஜிம் போனார். வயலில் இரண்டு வரப்புகள் தெரிந்தன, ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். எது வரைக்கும் தங்களுடையது என்று அவருக்குத் தெரியாது. மாமியாரிடம் கேட்க வாய் வரவில்லை. தூரத்து வரப்பைக் காட்டினால், வந்து ஒரு மாதம்கூட ஆகாதவனுக்கு இவ்வளவு ஆசையா என்பார்கள். கிட்டத்து வரப்பைக் காட்டிவிட்டு வீடு திரும்பிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தூரத்து வரப்பு சிலாங்கூர்க்காரர்களுடையது. அங்கேயும் இந்தப் பக்கம் போலவே சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் வழிக்காரர்கள்தான், வழக்கமும் அதேதான். இரண்டு வருடம் கழித்து அந்த மாநிலத்துக்காரர்கள் தங்கள் பங்குக்கு அளக்க வந்தபோது, அங்கே ஜெமிலாவின் புதுப்புருஷன் புயோங் எல்லை காட்டினான். அவனும் மருமகன், அவனும் மரியாதைக்காரன். தன் பக்கத்து வரப்பைக் காட்டிவிட்டு நல்ல பேர் வாங்கிக்கொண்டான். இரண்டு வரப்புக்கும் நடுவே இரண்டு குடும்பங்களின் நாற்றங்கால்களும் இருந்தன. உண்மையான எல்லை அவற்றின் நடுவேதான் ஓடியது; தண்ணீர் தடையில்லாமல் பரவட்டும் என்று அங்கே வரப்பே போடவில்லை.

இவை இரண்டோடு சேர்த்து நான்கு மாநிலங்களின் நில அளவையையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்தபோது நான் படம் வரையும் குமாஸ்தா, அந்த ஊர்ப் பேச்சில் கிராணி. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நாலு மாநிலத்துக்கும் நாலு வடக்கு. ஒரே மலை இரண்டு படங்களில் இரண்டு இடத்தில் நின்றது. எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்து லாஜிமும் புயோங்கும் எல்லை காட்டிய இரண்டு படங்களையும் ஒரே தாளில் வரைந்தபோது நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை விழுந்தது. அகலம் ஒரு சங்கிலி, அதாவது அறுபத்தாறு அடி; நீளம் எட்டுச் சங்கிலி. என் கணக்கில்தான் பிசகு என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பட்டை அசையவில்லை. என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையோடு நேரே ஊருக்குப் போய், சிவப்புக் கொடிகளை நட்டோம்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் தங்கியிருந்த கொட்டகைக்கு வெளியே யாரோ வெகுநேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க. இது தகரக் கொட்டகை, அரண்மனை இல்ல."

"கிராணி ஐயாவுக்கு வேலை இருக்கும்..." என்று இழுத்தார் லாஜிம்.

"இருக்கு. அதனாலதான் சட்டுன்னு சொல்லுங்கங்கறேன்."

"அந்தக் கொடியெல்லாம் எதுக்குங்க?"

"நடுவுல இருக்கற நிலம் யார் பேர்லயும் இல்ல. அப்படின்னா அது அரசாங்கத்துது. ஒரு ரப்பர் கம்பெனி அதைக் கேட்டு மனு போட்டிருக்கு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க நாத்தங்கால் அதுலதான் இருக்கு. ஊத்துத் தண்ணி அங்க மட்டும்தான் பாயும். அது போச்சுன்னா மத்த வயல்ல நட நாத்து ஏது?" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"பதினாறு வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"முதல்ல தப்புன்னே தெரியல. தெரிஞ்சப்ப சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதுக்குள்ள நாலு பொம்பளப்பிள்ளைங்க பொறந்துருச்சு. அதுங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டது நான்தான். என்னை ஜெயில்ல போடச் சொல்லுங்க ஐயா. நிலத்தை மட்டும் அவ பேர்ல எழுதிருங்க."

"மரியாதைக்காரனைப் போட ஜெயில் கிடையாது. இருந்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். போய் உங்க சம்சாரத்தை வரச்சொல்லுங்க."

"ரிப்பாவையா?" அவர் முகம் வெளுத்தது. "சொன்னா என் பெட்டி வாசப்படிக்கு வந்துரும்."

"வரட்டுமே. நிலம் இருந்தாத்தானே வாசப்படியே இருக்கும்."

துரையிடம் சொன்னேன். பழைய படங்கள் ஒட்டாத இடத்தில் தரையைப் பார்த்து முடிவு செய்யலாம். இரு பக்கத்தாரும் விடாமல் பயிர் செய்து, எல்லையில் ஒத்துப்போனால் அவர்களுக்கே எழுதலாம் என்று புதிய உத்தரவில் இருந்தது. ஆனால் துரை சந்தேகப்பிராணி. சும்மா நிலம் கிடைக்கும் என்றால் யார்தான் ஒத்துப்போகமாட்டார்கள் என்றார். புருஷன்மார் பேச்சே வேண்டாம், இரண்டு பெண்களும் தனித்தனியாக வந்து பட்டையின் கோடியில் தங்கள் எல்லை எங்கே என்று முளை அடிக்கட்டும், ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அரசாங்க நிலம் என்று முடித்துவிட்டார். வரப்பே இல்லாத சேற்றில் எட்டுச் சங்கிலி தூரத்தில் யார் எந்தக் கோட்டைக் கண்டார்கள்?

காலையில் ரிப்பா வந்தாள். புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெமிலாவைப் பட்டை கண்ணில் படாத ஒரு வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தோம். ரிப்பா பட்டையின் தலைமாட்டிலிருந்த ஊற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். எதிரே மலையில் ஒரு பிளவு தெரிந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் முழங்கால் சேற்றில் நடந்து போய், கோடியில் முளையை அடித்தாள். நான் இடத்தை அளந்து குறித்துக்கொண்டு, முளையைப் பிடுங்கி, குழியைச் சேற்றால் மூடினேன்.

அடுத்து ஜெமிலா. வரும்போதே சத்தம். "முப்பது வருஷமா நாத்துப் பிடுங்கறேன். நான் எங்க நிக்கணும்னு இந்த வெள்ளைக்காரன் பார்த்துச் சொல்லணுமா?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் துரை. வணக்கம் சொல்கிறாள் என்றேன்.

அவளும் ஊற்றுக்கு முதுகைக் கொடுத்தாள். அவளும் மலைப்பிளவைப் பார்த்தாள். வாய் ஓயாமல் நடந்தாள், முளையை அடித்தாள். நான் நாடாவைப் பிடித்து இரண்டு முறை அளந்தேன்.

நாலு விரல். அவ்வளவுதான் வித்தியாசம்.

துரை நம்பாமல் ஊற்றுக்குப் போய்த் தன் கருவியை வைத்து மலைப்பிளவைப் பார்த்தார். இரண்டு பெண்களும் காட்டிய இடம் ஊற்றுக்கும் பிளவுக்கும் இடையிலான நேர்கோட்டிலேயே இருந்தது. நிமிர்ந்து, "என் ஆட்களில் பாதிப்பேருக்கு இது வராது" என்று முணுமுணுத்தார். அளவைக் குறிப்புப் புத்தகத்தில் கோடு போட்டு, பாதி ரிப்பாவுக்கு, பாதி ஜெமிலாவுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. புயோங் மரத்தடியில் நின்றபடி சிரித்தான். லாஜிம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரிப்பா அவரிடம் வந்தாள். "எழுந்திரிங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

"நீ கோவமா இல்லையா?"

"இத்தனை வருஷமா வாயை மூடிட்டு இருந்தீங்களே, அதுக்குத்தான் கோவம். நீங்க தப்பு வரப்புல நின்னதை அன்னைக்கே அம்மா சன்னல்லேருந்து பார்த்துட்டா."

லாஜிம் நிமிர்ந்து பார்த்தார். "பார்த்தாங்களா? அப்புறம் ஏன் கூப்பிட்டுச் சொல்லல?"

"இருபது நாள் மாப்பிள்ளைய நாலு பேர் முன்னால எப்படித் திருத்தறதுன்னு அவளுக்கு வெட்கம். காகிதம் எப்படியோ போகட்டும், நாத்து நம்ம கையில இருக்குன்னு சொல்லிட்டா. சாகற அன்னைக்குக்கூட என்னைக் கூப்பிட்டு, 'அதைப் பத்தி அவன்கிட்ட கேட்டுறாதடி, நல்ல பிள்ளை, மனசு நொந்துருவான்'னுதான் சொன்னா."

சாகும்வரை ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் தலை குனிந்து ஒதுங்கிப் போன அந்த மாமியாருக்காக, லாஜிம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார். ரிப்பா அவரை எழுப்பவில்லை. புடவைபோல் இடுப்பில் தூக்கிச் செருகியிருந்த சாரோங் கைலியை இறக்கிவிட்டு, தானும் அவர் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துகொண்டாள்.