உச்சி வெயில் ஆள்

எம்பிலிப்பிட்டியப் பக்கம் உச்சி வெயிலில் வயலுக்குள் ஓர் உருவம் தெரிந்தால் அது பழனியாண்டிதான். வேறு யாருக்கு அந்தப் பைத்தியம்? பெல்மதுளைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் களைக்கு மருந்து அடித்தவர். வெயில் ஏற ஏறத்தான் களை கருகும் என்பது அவர் கண்ட வேதம். மனைவி கருப்பாயி போய்ச் சேர்ந்த பிறகு லயத்து வீட்டுச் சுவரோடு எத்தனை நாள் பேசுவது? மருந்து டேங்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இங்கே கூலிக்கு மருந்தடிக்க வந்துவிட்டார். வாடகை அறையில் தனிக்கட்டை. வெயிலுக்குப் பயந்த வயல்காரர்கள் போன் எடுத்து, பழனியாண்டி, வாங்க என்பார்கள். அவர் பெயரைச் சொல்லும் குரல் அது ஒன்றுதான்.

இந்தப் போகம் கபூர் முதலாளியின் நெல் வயலில் தத்திப் பூச்சி விழுந்தது. நடுப்பகலில் இரண்டு தடவை அடித்தும் பூச்சி சாகவில்லை. பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தது. முதலாளி கொடுத்த மருந்தை விற்றுவிட்டு வெறுந்தண்ணீரை அடித்தார் என்று கதை கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போன் வருவது நின்றது. பாவி மனிதர், ஐந்து நாள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்தார்.

பொறுக்க முடியாமல் விவசாய போதனாசிரியையிடம் போய்ச் சிங்களத்தில் கேட்டார். களை மருந்து வேறு, பூச்சி மருந்து வேறு என்றார் அந்த அம்மா. தத்தி இருப்பது பயிரின் அடித்தண்டில். கொதிக்கிற வெயிலில் மருந்து அங்கே போய்ச் சேருமுன் ஆவியாகிவிடும். வெயில் தாழ்ந்துதான் அடிக்க வேண்டும்.

நேராகக் கபூர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மொதலாளி, நான் தண்ணி அடிக்கலங்க. நேரந்தான் தப்பு. ஒரு மூலைய மட்டும் தாங்க, சாயங்காலம் ஒங்க கண்ணு முன்னாலயே அடிக்கிறேன்."

கபூர் தன் கையாலேயே மருந்தைக் கலந்து கொடுத்து வரப்பில் நின்றார். மூன்றாம் நாள் தத்தி உமி மாதிரித் தண்ணீரில் மிதந்தது. கபூர் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டாரா? பழனியாண்டி சுத்தமான ஆள், பொழுது சாய அடித்தால் போதும் என்று தேநீர்க் கடையில் ஊருக்கே சொன்னார்.

ஊர் நம்பியது. சாயங்காலக் குளிர்ச்சியில் வயல்காரர்களே இறங்கி அடிக்கத் தொடங்கினார்கள். வழியில் கண்டவரெல்லாம் பழனியாண்டியைப் பார்த்து மதிப்பாகச் சிரித்தார்கள். போன் மட்டும் அடிக்கவில்லை. கடைசியில் அவரே கபூரிடம் போய், அடுத்த போகத்துக்கு வரட்டுமா என்று கேட்டார்.

"இனி எதுக்கு ஒங்களுக்குக் கஷ்டம், பழனியாண்டி? நாங்களே அடிச்சிக்கிறோம்," என்றார் கபூர், அன்பாகத்தான்.

"நல்லதுங்க மொதலாளி."

அறைக்கு வந்து டேங்கியைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் உச்சி வெயிலில் வயல்வெளி முழுக்க ஓர் ஆளும் இல்லை.